முப்பத்தாறு விலா எலும்புள்ள மாடு

என் அக்காவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து கோழிக்கறி சாப்பிட்டவர்கள் இரண்டாவது தடவை அந்தத் தப்பைச் செய்வதில்லை. நாம் கடித்து ஒதுக்கியதையெல்லாம் தன் தட்டுக்கு இழுத்துக்கொள்வாள். இறக்கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், கழுத்து நடுவில் என்று அடுக்குவாள். பிறகு நிமிர்ந்து, "இங்க ஒண்ணு குறையுதே, யார் முழுங்கினது?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். என் மனைவி கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே இந்த விசாரணைக்கு ஆளானாள். அன்றோடு அவள் கோழி சாப்பிடுவதை விட்டுவிட்டாள்.

சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அக்கா. மாடியில் நாங்கள், கீழ்வீட்டில் அவள். அத்தான் இறந்து எட்டு வருடமாகிறது. பின்பக்கத்து வாளியில் ஏதாவது ஒன்று எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும். பூனையா, முயலா என்று கேட்கக்கூட எனக்குப் பயம். கேட்டால் விளக்க ஆரம்பித்துவிடுவாள்.

கால்நடைக் கல்லூரியில், உடற்கூறியல் துறையில் அவளுக்கு வேலை. செத்துப்போன மிருகத்தின் எலும்புகளைச் சுத்தம் செய்து, வெளுக்க வைத்து, கம்பி கோத்து, உயிரோடு இருந்தபோது நின்ற மாதிரியே நிற்க வைப்பாள். மாணவர்கள் எலும்பக்கா என்கிறார்கள். காட்சிக்கூடத்தில் கண்ணாடிக்குள் நிற்கும் பன்னிரண்டு மிருகங்களில் ஒன்பது அவள் கை பட்டு நிற்பவை. ஆனால் பணிப்பதிவேட்டில் அவள் வெறும் 'தற்காலிகத் துப்புரவாளர்'. இருபத்தொரு வருடமாகத் தற்காலிகம். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவனைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நான் அதே கல்லூரியின் அலுவலகத்தில் தட்டச்சர். நான் நிரந்தரம். இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பத்தாளை வாங்கிக்கொண்டு வந்து, என்னை உட்கார வைத்து நிரப்பச் சொன்னதே அவள்தான். இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், பின்னால் சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது.

அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் வேலை பார்த்த விதம் வேறு. மிருகத்தை மொத்தமாக டிரம்மில் போட்டு ஊறவிட்டு, அழுகிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைப் பொறுக்கிக் கோப்பார்கள். பெரிய எலும்பெல்லாம் இருக்கும், சின்னதெல்லாம் சாக்கடையோடு போயிருக்கும். அக்கா நான்கு காலையும் நான்கு தனித்தனி வலைப்பையில் கட்டித்தான் ஊறப்போடுவாள். இல்லாவிட்டால் இடது முன்னங்காலின் பொடி எலும்பு எது, வலதுடையது எது என்று பிரம்மாவுக்கே தெரியாதாம். தண்ணீரை மாற்றும்போதெல்லாம் மெல்லிய சல்லடையில் வடிப்பாள். மண்டை ஓட்டின் காதுத் துவாரங்களில் பஞ்சை அடைத்துவிடுவாள், உள்ளே இருக்கும் அரிசி மாதிரியான எலும்புகள் உருண்டு விழாமல் இருக்க.

ஒரு தடவை தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"கொம்பு எலும்புதானேக்கா?"

"மேல இருக்கிறது எலும்பில்ல, நகம் மாதிரி. கழட்டினா கழண்டு வந்துடும். உள்ள ஒரு முளை இருக்கு பாரு, அதுதான் எலும்பு."

"அப்போ குளம்பு?"

"அதுவும் நகம்தான்."

"பல்லு?"

"பல்லு எலும்பில்ல. ஆனா பல்லில்லாம நான் எதையும் நிக்க வைக்க மாட்டேன்."

"இது என்னக்கா நியாயம்? எலும்பில்லாததைச் சேர்ப்பியாம், கொம்பைக் கழட்டிப் போடுவியாம். எதுதான் கணக்கு?"

அவள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். "எதுலயும் ஒட்டாம தனியா நாக்குக்கு அடியில ஒரு எலும்பு தொங்குது. அது கணக்கு. விலாவையும் மார்பெலும்பையும் சேர்க்கிற குருத்தெலும்பு, வேகவெச்சா கரைஞ்சு போயிடும், ஆனா அதுவும் கணக்கு. மாட்டோட இதயத்துக்குள்ள ரெண்டு எலும்பு இருக்குடா, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. ஆனாலும் சொன்னாள். வயதான மாட்டின் இதயத்தில், பெரிய ரத்தக்குழாய் தொடங்கும் இடத்தில், வால்வைத் தாங்கிப் பிடித்தபடி இருக்குமாம். பெரியது பிறை மாதிரி வளைந்து விரல் நீளம். இன்னொன்று அதைவிடச் சின்னது. வேறு எந்த எலும்போடும் தொடர்பில்லை. அதனால் இதயத்தைக் குப்பையில் போடும்போது அதுவும் போய்விடும். இவள் ஒவ்வொரு இதயத்தையும் கீறிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துதான் விடுவாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

போன வருடம் ஓர் ஆணை வந்தது. பதினைந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த தற்காலிக ஊழியர்கள், ஐம்பது வயது முடியாதிருந்தால், அவரவர் செய்யும் வேலையிலேயே ஒரு தேர்வில் தேறினால் நிரந்தரம். அந்த ஆணையை நகலெடுத்துச் சுற்றுக்கு விட்டவன் நான்தான். படித்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு அக்காவின் வேலைக் கொட்டகைக்கு ஓடினேன். அவளுக்கு நாற்பத்தொன்பது முடிந்து ஐம்பது நடந்துகொண்டிருந்தது. ஐம்பது முடிய மூன்று மாதம்கூட இல்லை. முடிகிற தேதி இருபத்துமூன்று. தேர்வு நடத்தக் குழு வருகிற தேதி அதே மாதம் பத்தொன்பது. நான்கு நாள் இடைவெளி. இந்தத் தடவை தவறினால் இனி இந்த ஜென்மத்தில் கிடையாது.

"வயசான காலத்துல யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்க்கா," என்றேன்.

"அது கிடக்கட்டும்," என்றாள். "துப்புரவாளர்ங்கிறதை அடிச்சுட்டு என்ன போடுவாங்க?"

"எலும்புக்கூடு அமைப்பாளர்."

அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க நன்றாக இருந்தது.

தேர்வு இதுதான். ஒரு மிருகத்தை முழுமையாக நிறுத்திக் காட்டவேண்டும். எது முழுமை என்பதற்கு, துறைத்தலைவர் எலும்புப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப, அங்கே முத்திரை போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். குழு அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும். கல்லூரிப் பண்ணையில் தீவன வண்டி இழுத்துக் கிழமாகிச் செத்த ஒரு மாட்டைத் துறைத்தலைவர் ஒதுக்கிக் கொடுத்தார். தன் புத்தகத்தைப் பார்த்துக் கோழிக் கிறுக்கலில் ஒரு பட்டியலும் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இனி நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் எதையும் புதிதாக அடிக்கிற வழக்கம் கிடையாது. பழைய கோப்பைத் திறப்போம், தேதியை மாற்றுவோம், எண்ணை மாற்றுவோம், முடிந்தது. அன்றைக்கு அறுநூறு தேர்வு அனுமதிச் சீட்டு என் தலைமேல் இருந்தது. துறைத்தலைவரின் எழுத்தோ அவருக்கே புரியாது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு குதிரைக்கு அடித்த பட்டியல் கணினியில் இருந்தது, ஏற்கெனவே அங்கீகாரம் வாங்கியது. அதற்கும் நாலு கால், இதற்கும் நாலு கால். தலை, வால், எல்லாம் இருக்கிறது. குதிரை என்று இருந்த இடத்திலெல்லாம் மாடு என்று மாற்றச் சொன்னேன். கணினி ஒரே நொடியில் மாற்றிக் கொடுத்தது. துறைத்தலைவர் பக்கத்தைத் திருப்பாமல் கையெழுத்துப் போட்டார். தலைமை அலுவலகத்தில் பக்கத்துக்கு ஒரு வட்ட முத்திரை வைத்து அனுப்பினார்கள். இத்தனை பேரில் ஒருவர்கூடப் படிக்கவில்லை என்று நான் சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. முதலில் படிக்காதவன் நான்தானே.

படித்தது அக்கா மட்டும். முத்திரை விழுந்த பட்டியல் அவள் கைக்குப் போன அன்றே, சாப்பாட்டு இடைவேளையில் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"டேய், இது என்னடா?"

"பட்டியல்க்கா."

"எந்த மிருகத்தோட பட்டியல்?"

"தலைப்பைப் பாரு. மாடு."

"தலைப்பு மாடுதான். கீழ விலா எலும்பு முப்பத்தாறுன்னு போட்டிருக்கு. மாட்டுக்கு இருபத்தாறுடா. ஒரு காலுக்கு ஒரு விரல்னு போட்டிருக்கு. மாட்டுக்கு ரெண்டு. கொம்பு முளையையே காணோம். இது குதிரை. யாருடா இதை அடிச்சது?"

ஏற்கெனவே என் பெயரில் இரண்டு மெமோ. இரண்டும் இதே மாதிரி பழைய கோப்பை மாற்றி அடித்ததால் வாங்கியவை. தலைமை எழுத்தர் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறார், அடுத்த முறை என்னுடையது. மூன்றாவது மெமோ வந்தால் அந்த நாற்காலியைக் கனவில்கூடப் பார்க்கமுடியாது.

"தலைமை அலுவலகத்துலேர்ந்தே அப்படித்தான்க்கா வந்துச்சு," என்றேன். "அவங்க தப்பு."

அவள் நம்பினாள். நாங்கள் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிப் பழகியவர்கள் இல்லை.

இந்தப் பொய்யின் எடை என்ன என்பது அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். தப்பு எங்கள் பக்கத்தில் என்றால், தட்டச்சர் ஒரு விளக்கம் எழுதிக்கொடுத்து, ஒரு பக்கத் திருத்தக் கடிதம் அனுப்பினால் போதும். பத்து நாளில் முடிந்துவிடும். தலைமை அலுவலகத்தின் தப்பு என்றால் கோப்பு படிப்படியாக மேலே ஏறி, படிப்படியாக இறங்கி வர நான்கு மாதம். அதற்குள் அவளுக்கு ஐம்பது முடிந்துவிடும். நான் பொய் சொன்ன அன்று குழு வருவதற்கு நாற்பத்தாறு நாள் இருந்தது.

அக்கா துறைத்தலைவரிடம் போனாள். அவர் தாளை வாங்கிப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது. முத்திரை விழுந்த பட்டியல் தப்பாக இருக்கமுடியாது என்று முதலில் சொன்னாராம். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "ஸ்டோர்ல ஒரு பழைய குதிரை உடைஞ்சு கிடக்கே. அதுலேர்ந்து பத்து விலாவை எடுத்துக் கோத்துடுங்க. யார் எண்ணப் போறா?" என்றாராம். என்னைக் கூப்பிட்டு அவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. விசாரித்தால் அவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

அதுதான் வழி என்று எனக்கும் பட்டது. என்னைத் தவிர எல்லோருக்கும் சுலபமான வழி இன்னொன்று இருந்தது, அதை நான் நினைக்கவே இல்லை. அக்காவைக் கரைக்க ஆரம்பித்தேன். காலையில் சொன்னேன், மதியம் சொன்னேன், அவள் துணி காயப்போடும்போது மாடியிலிருந்து குனிந்து சொன்னேன்.

"பத்து எலும்புக்கா. வெறும் பத்து. இருபத்தொரு வருஷம் கஷ்டப்பட்டிருக்க. குழு போனதும் கழட்டி எறிஞ்சுடு."

"பதினெட்டு ஜோடி விலாவோட மாடு எங்கடா நிக்கும்? வயித்துக்கு இடமே இருக்காது."

"அதுக்கு வயிறே இல்லைக்கா! செத்துப்போச்சு!"

"இதைப் பார்த்துதான்டா பசங்க படிக்கிறாங்க. மாட்டுக்கு வயிறு உப்பினா கடைசி விலாவுக்குப் பின்னாடி கையை வெச்சு இடம் பார்த்துதான் ஊசி குத்திக் காத்தை வெளிய விடணும். நாளைக்கு ஒருத்தன் பதினாலாவது விலாவைத் தேடிக்கிட்டு நிப்பான். மாடு அவன் முன்னாடியே செத்துப்போகும்."

இப்படிப்பட்ட பெண்ணிடம் என்ன பேசுவது? ஒருநாள் கோபத்தில் நானே ஸ்டோருக்குப் போய், தூசியில் கிடந்த குதிரையிலிருந்து பத்து விலா எலும்பைப் பொறுக்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டுவந்து அவள் மேசைமேல் கவிழ்த்தேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கை சும்மா இல்லாமல் அவற்றைப் பிரித்து வைக்க ஆரம்பித்தாள். பத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மூணு இடது, ஏழு வலது. பொய் சொல்றதுக்குக்கூட ஒழுங்கா எடுத்துட்டு வரத் தெரியலையே உனக்கு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் காது சுட்டது.

அவளுக்கு அந்த மாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. வால் எலும்பு பட்டியலில் பதினெட்டு, இந்த மாட்டுக்கு இருபது. "ஒவ்வொண்ணுக்கு ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதைப் போய்க் கேக்க முடியுமா?" என்று இருபதையும் கோத்தாள். குருத்தெலும்பு கரையாமலிருக்கக் கொதிக்கவைக்காமல் வெறும் தண்ணீரிலேயே வாரக்கணக்கில் ஊறவைத்தாள். இதயத்தைக் கீறி இரண்டு எலும்பையும் எடுத்து, நெஞ்சுக்கூட்டுக்குள் இதயம் இருந்த இடத்தில், பார்வைக்குத் தெரியாத மெல்லிய கம்பியில் தொங்கவிட்டாள். பட்டியலில் இல்லாததை ஏன் தொங்கவிடுகிறாய் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அவங்க மாட்டுக்கு நீங்க ஏன் இப்படித் துடிக்கிறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

சொல்லியிருக்கலாம். முப்பது நாள் மிச்சமிருந்தபோது சொல்ல நினைத்தேன். இருபது நாளில் நினைத்தேன். பதினோரு நாள் மிச்சமிருந்தபோது, காலையில் திருத்தக் கடிதத்தை அடித்தே முடித்துவிட்டேன். துறைத்தலைவர் அன்றைக்கு விடுப்பு. மறுநாள் வந்தார். அவர் வந்ததும் நான் அதைக் கிழித்துப் போட்டேன். எப்படியும் எண்ணமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் அலுவலகத்தில் யார் எதை எண்ணியிருக்கிறார்கள்?

பத்தொன்பதாம் தேதி குழு வந்தது. மூன்று பேர். எங்கள் துறைத்தலைவர், தலைமை அலுவலகத்திலிருந்து பச்சை மைப் பேனாவோடு ஓர் அதிகாரி, வேறொரு கல்லூரியில் உடற்கூறியல் கற்பிக்கும் ஒரு பேராசிரியை. அறிக்கை அடிக்க நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். கூடத்தின் நடுவில், பலகைமேல் மாடு நின்றது. குறை சொல்லக்கூடாது, வண்டி இழுத்துக்கொண்டு போகிற மாதிரியே ஒரு கால் முன்னால் வைத்து நின்றது. அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றாள்.

அதிகாரி மாட்டைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தே வாசித்தார்.

"மண்டை ஓடு?"

"இருக்கு," என்றார் துறைத்தலைவர். பச்சைக் குறி விழுந்தது.

"கழுத்து எலும்பு ஏழு?"

"இருக்கு."

பேராசிரியை மட்டும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மாட்டைச் சுற்றி வந்தார். நெஞ்சுப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"இது... இதய எலும்பா? ரெண்டுமே கிடைச்சுதா உங்களுக்கு?"

"கிடைச்சுது மேடம். கீறித் தடவிப் பார்த்தா தட்டுப்படும்."

"எங்க காலேஜ்ல இத்தனை வருஷமா இதைக் குப்பையிலதான் போட்டுட்டிருக்கோம்," என்றார் அவர்.

அக்கா பின்னால் கட்டியிருந்த கை தானாக முன்னால் வந்துவிட்டது.

அதிகாரி தலைநிமிர்ந்தார். "பட்டியல்ல இல்லாததை ஏன் சேர்த்தீங்க?"

"மாட்டுல இருந்துச்சு சார்."

அவர் என்னவோ முணுமுணுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். "விலா எலும்பு முப்பத்தாறு?"

"இருக்கு," என்றார் துறைத்தலைவர், கண் இமைக்காமல்.

பச்சைக் குறி விழுந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. நாற்பத்தாறு நாளாக நெஞ்சில் கிடந்த கல் அந்தக் குறியோடு இறங்கிவிட்டது. இனி கால் எலும்பு, வால் எலும்பு, கையெழுத்து, அவ்வளவுதான். இந்தப் பெண் வாயைத் திறக்காமல் இன்னும் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

"சார், இருபத்தாறுதான் இருக்கு," என்றாள் அக்கா.

என் தலையில் இடி விழுந்தது. யார் கேட்டார்கள் இவளை? குறி போட்டாயிற்று, அவர் அடுத்த வரிக்கே போய்விட்டார்!

அதிகாரி பேனாவை மூடினார். "மீதி பத்து எங்க?"

துறைத்தலைவர் முந்திக்கொண்டார். "ஊறவைக்கும்போது ஏதாவது தவறிப் போயிருக்கலாம்..."

"தொலைச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க சார்." அக்காவின் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "இருபத்தொரு வருஷத்துல காதுக்குள்ள இருக்கிற எலும்பைக்கூட நான் தொலைச்சதில்லை. மாட்டுக்கு இருபத்தாறுதான்."

பேராசிரியை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "பதிமூணு ஜோடி. இவங்க சொல்றதுதான் சரி. உங்க கையில இருக்கிறது குதிரையோட பட்டியல்."

"நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும் மேடம். நான் இந்தத் தாளுக்குத்தான் கையெழுத்துப் போடமுடியும்."

"தாளைத் தப்பா அனுப்பினதே உங்க ஆபீஸ்தான் சார்," என்றாள் அக்கா. "என் தம்பி சொன்னான்."

இதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பி, ஆமாம் என்று சொல்லுடா என்பதுபோல் பார்த்தாள். சாட்சிக்கு ஆள் இருக்கிறது என்ற தெம்பு அவள் முகத்தில் இருந்தது. அந்த முகத்தை மறக்க நான் எவ்வளவோ பார்க்கிறேன்.

"எங்க ஆபீஸா?" அதிகாரிக்குச் சுருக்கென்றது. தாளை மேலிருந்து கீழே பார்த்தார். அடித்தவர் யார் என்று தெரிய, ஒவ்வொரு தாளின் இடது மூலையிலும் தட்டச்சரின் முதலெழுத்துகளைப் போடுவது எங்கள் வழக்கம். அவர் விரல் அங்கே வந்து நின்றது. "இங்கேதான் அடிச்சிருக்காங்க. இது யாரு?"

துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். மற்ற இருவரும் பார்த்தார்கள். கடைசியாக அக்கா பார்த்தாள்.

எழுந்து நின்றேன். "நான்தான் சார். குதிரைப் பட்டியலை மாத்தி அடிச்சுட்டேன்."

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"நாப்பத்தாறு நாளா."

"ஒரு திருத்தக் கடிதம் போட்டிருந்தா பத்து நாள்ல முடிஞ்சிருக்குமேய்யா!" என்றார் அவர். அதிகாரிகள் கத்துவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் கத்தியதில் வருத்தம் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

பேராசிரியை விடவில்லை. பத்து நாள் கழித்துத் தானே திரும்பி வருவதாகச் சொன்னார். அறிக்கை முடிகிற தேதியில் வயது ஐம்பதுக்குள் இருக்கவேண்டும், இருபத்துமூன்று தாண்டினால் தன்னால் ஒன்றும் செய்யமுடியாது என்று அதிகாரி விதியை எடுத்துக் காட்டினார். பிறகு அறிக்கையைச் சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். 'பட்டியலின்படி முழுமை பெறாததால் தேர்வு நிறைவடையவில்லை.' எல்லோரும் போன பிறகு அக்கா பலகையைச் சுற்றிக் கிடந்த கம்பித் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். துப்புரவாளர்தானே, அவள்தான் கூட்டவேண்டும்.

திருத்தக் கடிதம் அன்றைக்கே போனது. ஒன்பதே நாளில் புதிய பட்டியல் வந்தது. விலா எலும்பு இருபத்தாறு. கொம்பு முளை இரண்டு. வால் எலும்பு பதினெட்டு முதல் இருபத்தொன்று வரை. பேராசிரியை தனியாக ஒரு கடிதம் எழுதியிருப்பார் போல, கடைசி வரியில் இதய எலும்பு இரண்டு என்றும் இருந்தது. அக்காவுக்கு ஐம்பது முடிந்து ஐந்து நாளாகியிருந்தது. மாட்டைக் கண்ணாடிக்குள் நகர்த்தினார்கள். முழுமையான எலும்புக்கூடு என்று அதற்குச் சான்றிதழ்கூட வந்தது.

எனக்கு மெமோ வரவில்லை. மெமோ கொடுத்தால், படிக்காமல் கையெழுத்துப் போட்டது யார் என்று கோப்பில் எழுதவேண்டி வரும். அதனால் துறைத்தலைவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். தலைமை எழுத்தர் ஓய்வு பெற்றார். இப்போது அந்த நாற்காலியில் நான் இருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட எரிச்சல் எதில் தெரியுமா? அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கம்போலப் பேசுகிறாள். மோட்டார் போட்டாயா என்கிறாள், மருந்து வாங்கிவந்தாயா என்கிறாள். என் மனைவி முகத்தில் காட்டும் கோபத்தில் பாதியைக்கூட இவள் காட்டவில்லை. கத்தினால் நானும் இரண்டு வார்த்தை கத்தலாம். அன்றைக்கு நீ வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் என்று நான் எடுத்து வைத்திருந்த வாதமெல்லாம் என்னிடமே கிடந்து புளித்துப்போயின. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன்.

போன வாரம் சாப்பாட்டு இடைவேளையில் கொட்டகைக்குப் போனேன். ஒரு கன்றுக்குட்டியின் முன்னங்காலைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"என்னைத் திட்டுக்கா," என்றேன்.

"எதுக்கு?"

"உனக்குத் தெரியும் எதுக்குன்னு. நாலு அறை வேணாலும் அறை. இப்படி ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்காதே. என்னால முடியலை."

குறடால் கம்பியின் நுனியை மடக்கி, தடவிப் பார்த்து, குத்தவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"திட்டிட்டா உனக்கு இன்னியோட முடிஞ்சிடும்டா," என்றாள். "எனக்கு முடியாதே."

அடுத்த எலும்பை எடுத்தாள். இடைவேளை முடிகிற மணி அடித்தது. நான் என் நாற்காலிக்குத் திரும்பிப் போனேன்.